கேள்வியும் வாக்கும்: மாற்றுத்திறன் மகளிரும் தேர்தல் அறிக்கைகளும்

தமிழரின் மக்களாட்சி மரபைப் பேசப் புகுவோர் எவரும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சுட்டாமல் செல்வதில்லை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகள், வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிந்தெடுத்த வகையை விரித்துரைக்கின்றன. அம்முறை நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையார்க்கே வாய்த்தது என்பதையும், அது குலுக்கலேயன்றி இன்றைய பொருளில் வாக்களிப்பு அன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் அக்கல்வெட்டில் பலரும் கடந்துசெல்லும் நுட்பம் ஒன்று உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏந்த வேண்டும். அவன் வாசித்த பின்னர், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

பிறருக்காகப் படிப்பவனிடத்தில் ஓர் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது; அவ்வதிகாரத்தைக் கட்டுப்படுத்த விரிந்த விரல்களும் வேறு வாய்களும் வேண்டும். பத்தாம் நூற்றாண்டுச் சபையோர் இதனை உணர்ந்திருந்தனர். இக்கட்டுரை அவ்வதிகாரத்தைப் பற்றியதே. கண்பார்வை இல்லாத பெண்ணுக்கும், செவிப்புலன் இல்லாத பெண்ணுக்கும், நெடிய வாக்கியங்களைப் பின்தொடர இயலாத பெண்ணுக்கும், வீட்டை விட்டு வெளிச்செல்ல முடியாத பெண்ணுக்கும், கட்சிகள் என்ன சொல்கின்றன என்பதை எடுத்துரைப்பவர் யார்? அவர் எவ்வாறு உரைக்கிறார்? வாக்குரிமையின் வரலாற்றில் இவ்வினா மிகப் பிந்தியே எழுந்தது. இன்னும் முழு விடை பெறவில்லை.

பெயர் பெற்ற வரலாறு

மகளிர்க்கு வாக்குரிமை வேண்டும் என்ற குரல் சென்னையில் ஓங்கி ஒலித்த ஆண்டு 1917. அவ்வாண்டில்தான் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் தூதுக்குழு ஒன்று, சென்னைக்கு வந்திருந்த இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கோரியது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அக்கோரிக்கையை நேரடியாக ஏற்காமல், மாகாணச் சட்டமன்றங்களின் முடிவுக்கு விட்டது. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னைச் சட்டமன்றம் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரித்தானிய இந்திய மாகாணங்களுள் இதனை முதலில் செய்தது சென்னையே.

ஆயின் அவ்வுரிமை சொத்துடையாரின் உரிமை. ஆடவர்க்கு இருந்த சொத்துத் தகுதியே மகளிர்க்கும் வைக்கப்பட்டமையால், சொத்தற்ற பெருந்தொகையான பெண்டிர் வெளியிலேயே நின்றனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவு பெற்ற மகளிரையும், தகுதியுடைய வாக்காளரின் மனைவியரையும் சேர்த்துக்கொண்டது. ஒரு பெண் கணவனின் தகுதி வழியாக வாக்காளராகும் நிலை அது. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற நிலையை இந்திய அரசமைப்பின் 326ஆம் உறுப்பே உருவாக்கியது.

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்தேறியது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் அலுவலர்கள் வாக்காளர் பட்டியல் எழுதச் சென்றபோது, வட இந்தியப் பகுதிகள் பலவற்றில் மகளிர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர்; இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்துகொள்ள விரும்பினர். பெயரில்லாப் பதிவை ஆணையம் ஏற்கவில்லை. நாட்டின் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இதனால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். கண்டிப்பான முடிவுதான், அடுத்த தேர்தலில் நிலைமை பெரிதும் சீர்பெற அதுவே வழிசெய்தது. வாக்களிக்கும் பெண் பிறர் ஒருவரின் நிழலாகப் பதிவு பெறலாகாது என்ற கொள்கை அன்று நிலைநாட்டப்பட்டது.

உடற்குறையுடைய பெண்ணின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். பட்டியலில் அவள் பெயர் உண்டு. ஆனால் இல்லத்திலும் ஊரிலும் அவள் இன்னாரின் பொறுப்பில் உள்ளவள் என்றே அறியப்படுகிறாள். பெயரளவில் வாக்காளராகவும், கருத்தளவில் பராமரிப்பவரின் நிழலாகவும் அவள் வைக்கப்படுகிறாள். 1951இல் பட்டியலில் நேர்ந்த சிக்கல் இன்று மனத்தில் தொடர்கிறது.

சின்னமும் புள்ளியும்

முதல் தேர்தலின்போது நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 9 விழுக்காட்டை எட்டவில்லை. எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் வாக்களிக்கும் பொருட்டுச் சின்னங்கள் வகுக்கப்பட்டன. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. அதன்மேல் அவருக்குரிய சின்னம். வாக்காளர் தம் சீட்டைத் தாம் விரும்பும் பெட்டியில் இடுவார். வாக்குச்சீட்டில் முத்திரையிடும் முறை பின்னர் வந்து, 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பரவலாயிற்று. எழுத்தறியாமையைத் தடையென்று கருதாது கடந்த அம்முயற்சி உலகம் வியந்த ஒன்று.

சின்னம் கல்லாதார்க்குக் கண் தந்தது. கண்ணில்லாதார்க்கு அது உதவவில்லை. அத்துடன், சின்னம் யார் என்ற வினாவுக்கு விடை சொல்லுமேயன்றி, அவர் என்ன செய்வார் என்ற வினாவுக்கு விடை சொல்லாது. அடையாளம் காண்பது ஒன்று. ஒப்பிட்டு ஆராய்வது மற்றொன்று.

முதல் தேர்தல் தொடங்கிய அதே 1951ஆம் ஆண்டில், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் எழுத்துமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பாரதி பிரெயில் என்று பெயர். நம் கவிஞர்கள் மகிழக்கூடும். ஆனால் இப்பாரதி எட்டயபுரத்தார் அல்லர், பாரத நாட்டுக்குரியது என்னும் பொருளில் வந்த பெயர் அது. ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் தமிழ் நெடுங்கணக்கு முழுவதையும் விரல் நுனியால் படிக்க அம்முறை வழிவகுத்தது. அதற்கு முன்பே தமிழகத்தில் இத்துறையில் கல்விப்பணி வேரூன்றியிருந்தது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கான பள்ளியை ஆஸ்க்வித் அம்மையாரும், காதுகேளாதோர்க்கான பள்ளியை 1897இல் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரும் நிறுவியிருந்தனர். பள்ளியும் எழுத்துமுறையும் வாக்குரிமையும் தனித்தனியே வளர்ந்தன. இம்மூன்றும் ஓரிடத்தில் சந்திக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

சாவடி வரை வந்த சட்டம்

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள், பார்வையின்மையாலோ உடல்நலிவாலோ தாமே வாக்கைப் பதிவு செய்ய இயலாதவர் துணைவர் ஒருவரை உடன் அழைத்துச்செல்ல இடமளித்தன. இன்றைய விதியின்படித் துணைவர் 18 வயதுக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணை செல்லலாகாது. தாம் பதிவு செய்த வாக்கை மறைவாகக் காப்பதாக உறுதிமொழி தருதல் வேண்டும். துணைவரைத் தெரிவு செய்பவர் வாக்காளரே என்பது சட்டத்தின் கருத்து. இல்லத்தில் தந்தையோ கணவரோ தமையனோ தாமே துணைவராகிவிடுவதும், வேறொருவரை அழைத்துச்செல்ல விரும்புவதாகப் பெண் சொல்லத் தயங்குவதும் நாம் அறியாதவை அல்ல.

2004ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஊனமுற்றோர் உரிமைக்குழு ஒன்று முன்வைத்த முறையீட்டின் மீது, வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டே ஆந்திரத்தின் ஆசிப் நகர்த் தொகுதி இடைத்தேர்தலில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் குறிகள் சோதனையாக இடம்பெற்றன. பின்னர் அவை நாடெங்கும் பரவின. பொத்தான்களின் அருகே வரிசை எண்கள் பிரெயிலில் உள்ளன; வேட்பாளர் பெயர்கள் அடங்கிய பிரெயில் தாள் சாவடியில் கிடைக்கிறது. அதனைத் தடவிப் படித்துத் தாமே பொத்தானை அழுத்திய பார்வையற்றோர்க்கு அது சிறிய பேறு அன்று. ஆயினும் வாக்கைச் சரிபார்க்கும் காகிதச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடிகள் மட்டுமே தோன்றி மறைகிறது. அது பார்வையுடையோர்க்கான சான்று.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007இல் இந்தியா அதனை உறுதிசெய்தது. அதன் 6ஆம் உறுப்பு மாற்றுத்திறன் மகளிர் பன்முகப் பாகுபாட்டுக்கு ஆளாவதை ஏற்று உரைக்கிறது. 29ஆம் உறுப்பு அரசியல் பங்கேற்பைப் பேசுகிறது. இதன் வழி 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 11ஆம் பிரிவில் தேர்தல் ஆணையத்துக்கு இரண்டு கடமைகளை விதித்தது. வாக்குச்சாவடிகள் எளிதில் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. தேர்தல் தொடர்பான எழுத்துப்பொருள்கள் யாவும் அவர்களுக்கு எளிதில் விளங்கத்தக்கனவாகவும் கிட்டத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ‘எளிதில் விளங்குதல்’ என்ற கருத்து சட்ட நூலில் இடம்பெற்றது தமிழாசிரியர்களும் கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் இப்பிரிவு ஆணையத்தைத்தான் பெயர் சொல்லி விளிக்கிறது, கட்சிகளை விளிக்கவில்லை.

40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர் இல்லத்திலிருந்தே அஞ்சல் வாக்களிக்கும் வசதி 2019இல் விதியாயிற்று. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. வாக்குச்சாவடியே வீட்டுக் கூடத்துக்கு வருகிறது எனலாம். நடக்க இயலாதவர்க்கு இது பெரும் உதவி. அதே வேளையில் அக்கூடம் யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது. மறைப்புத் தட்டியை அலுவலர் வைத்துச் செல்வர். பல நாளாக அவ்வீட்டில் நடந்த பேச்சுக்கும், அவளுக்குப் படித்துக் காட்டப்பட்ட செய்திக்கும், படித்துக் காட்டாமல் விடப்பட்ட செய்திக்கும் எந்தத் தட்டியும் இல்லை.

மற்றொரு தவறான எண்ணத்தையும் இங்குக் களைதல் வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய பெண்ணுக்கு வாக்கில்லை என்று பலர் கருதுகின்றனர். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, மனநிலை சரியில்லாதவர் என்று தகுதிவாய்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலொழிய, எவர் பெயரையும் அக்காரணத்தால் நீக்க இயலாது. மருத்துவரின் சான்றோ உறவினரின் சொல்லோ அதற்குப் போதாது.

அறிக்கையின் கதை

சட்டம் சாவடி வரை வந்துவிட்டது. சாவடிக்கு முன்னே நிற்பது தேர்தல் அறிக்கை. தமிழக அரசியலில் வாக்குறுதியின் வரலாறு மொழியோடு பின்னிப் பிணைந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசித் தட்டுப்பாட்டின் நடுவே தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று முழங்கியது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அன்று எங்கும் ஒலித்த தொடர். வென்றபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்றது. லட்சியம், நிச்சயம் என்னும் இரு சொற்களின் எதுகையில் இன்புற்றோர் பலர். அவற்றின் பொருள் வேறுபாட்டை அளந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

2006, 2011ஆம் ஆண்டுத் தேர்தல்களில் இருபெரும் கட்சிகளும் தந்த இலவசப் பொருள் வாக்குறுதிகள் குறித்த வழக்கில் 2013 சூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று கூறிய நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு ஆணையத்தைப் பணித்தது. 2014இல் வந்த அந்நெறிமுறை, வாக்குறுதிக்கான நியாயத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் அறிக்கை பொதுவாகச் சுட்ட வேண்டும் என்கிறது. அறிக்கை என்பது ஆராயத்தக்க ஆவணம் என்னும் மதிப்பை அது பெற்றது.

ஆராய்வதற்கு நேரம் வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அறிக்கை வெளியிடலாகாது என்று 2019இல் ஆணையம் வரையறுத்தது. அதற்கு முன் எந்நாளிலும் வெளியிடலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 19. காங்கிரசின் அறிக்கை ஏப்ரல் 5இலும், பாரதிய ஜனதாவின் அறிக்கை ஏப்ரல் 14இலும் வந்தன. பதினான்கு நாளிலோ ஐந்து நாளிலோ அவற்றைத் தமிழாக்கி, பிரெயிலில் அச்சிட்டு, ஒலிவடிவில் பதிந்து, சைகை மொழியில் படம்பிடித்து, சிற்றூர்ப் பெண்ணின் கையில் சேர்ப்பது எளிதா? பார்வையுடையோர் நாளேட்டில் தலைப்புகளை மேய்ந்து அறிந்துகொள்வர். இவளுக்கு எஞ்சுவது யாரோ ஒருவர் சொன்ன சுருக்கமே.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி, அவருள் பெண்கள் ஏறத்தாழ 1.18 கோடி. மாற்றுத்திறன் ஆண்களுள் 62 விழுக்காட்டினர் எழுத்தறிந்தவர். பெண்களுள் 45 விழுக்காட்டினரே எழுத்தறிந்தவர். எனவே பிரெயில் மட்டும் இச்சிக்கலைத் தீர்க்காது. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத பெண்களுள் பலர்க்குச் சைகை மொழியே முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவர்களுக்குக் கற்று அடைந்த இரண்டாம் மொழி. வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் அடுக்கிய அறிக்கைத் தமிழ், கண்ணெதிரே இருந்தும் அவர்களுக்கு எட்டாமல் நிற்கிறது.

பிறநாட்டுப் பாடம்

கட்சிக் கொள்கைகளை ஒப்பிட்டுக் காட்டும் கருவிகளை ஐரோப்பிய நாடுகள் சில முன்னரே உருவாக்கின. நெதர்லாந்தில் 1989இல் ஸ்டெம்வைசர் என்ற கையேடு பள்ளி மாணவர்க்காக வெளிவந்தது; பின்னர் அது கணினியில் பரவியது. ‘ஸ்டெம்’ என்னும் டச்சுச் சொல்லுக்குக் குரல் என்றும் வாக்கு என்றும் இரு பொருள்கள். நம் ‘வாக்கு’ சொல்லையும் தேர்தல் ஒப்புதலையும் ஒருங்கே குறிப்பதுபோல அஃது அமைந்துள்ளது. அதனைப் பின்பற்றி 2002இல் ஜெர்மனியின் அரசியல் கல்வி நிறுவனம் வால்-ஓ-மாட் என்பதை அமைத்தது. 38 கூற்றுகள் முன்வைக்கப்படும். உடன்பாடு, மறுப்பு, நடுநிலை எனக் கட்சிகள் தாமே விடை தரும். வாக்காளரும் விடையளித்துத் தமக்கு நெருங்கிய கட்சியைக் கண்டுகொள்வார்.

2019ஆம் ஆண்டு ஜெர்மனியில் இரு நிகழ்ச்சிகள் நம் பொருளுக்கு நேரடியாக உரியவை. முழுமையான சட்டப் பாதுகாவலில் வைக்கப்பட்டோர்க்கு வாக்கில்லை என்ற விதி அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சனவரியில் தீர்ப்பளித்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்விதியால் விலக்கப்பட்டிருந்தனர். மே மாதத்தில், வால்-ஓ-மாட் ஒரு நேரத்தில் எட்டுக் கட்சிகளை மட்டுமே ஒப்பிட்டுக் காட்டியதால் தமக்குத் தீங்கு நேர்கிறது என்று ஒரு சிறு கட்சி தொடுத்த வழக்கில், கொலோன் நிர்வாக நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. சொல்லில் பிழையில்லை; கணக்கில் பிழையில்லை. எதை முன்னே வைப்பது, எத்தனையை ஒரே பார்வையில் காட்டுவது என்ற அமைப்பிலேயே சாய்வு புகுந்தது. நடுநிலை பற்றி நாம் கற்க வேண்டிய பாடம் இது.

அந்நாட்டில் தேர்தல் அறிக்கைகளை ‘எளிய மொழி’யில் எழுதி வெளியிடும் வழக்கமும் உண்டு. குறுகிய வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து, அருஞ்சொல்லுக்கு விளக்கம் என்பன அதன் இலக்கணம். அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோர்க்காகத் தோன்றிய அந்நடை, கல்வி குறைந்தோர்க்கும் முதியோர்க்கும் பயன்பட்டது.

ஒப்பிட்டு உரைக்கும் நெறி

தமிழில் இப்பணியைச் செய்வதற்கு வேண்டிய கருவி இலக்கணமே என்பது என் கருத்து. தேர்தல் அறிக்கையின் உயிர் அதன் வினைமுற்றில் உள்ளது. ‘வழங்குவோம்’ என்பது ஒன்று. ‘வழங்க முயல்வோம்’ என்பது வேறு. ‘பரிசீலிப்போம்’ என்பதில் செய்யாமல் விடுவதற்கும் இடமுண்டு. ‘ஒன்றிய அரசை வலியுறுத்துவோம்’ என்னும்போது செயலுக்குரிய எழுவாய் வேறொருவராகிவிடுகிறது. ‘வழிவகை செய்யப்படும்’ என்ற செயப்பாட்டு வினையில் செய்பவரே மறைந்துவிடுகிறார். படித்துச் சொல்பவர் இவை ஐந்தையும் சுருக்கி ‘தருவார்களாம்’ என்று முடித்தால், அறியாமலே ஒரு கட்சிக்கு வாக்குச் சேகரித்தவராகிறார். ‘எங்கே தரப்போகிறார்கள்’ என்று முடித்தால், மற்றொன்றுக்குச் சேகரித்தவராகிறார்.

ஆகவே சில நெறிகளை இங்கு வரிசைப்படுத்தலாம். முதலாவது, வினாக்களை அப்பெண்ணே வகுக்க வேண்டும். பராமரிப்பு உதவித்தொகை எவ்வளவு, யார் கையில் வரும்? அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் சக்கர நாற்காலியிலிருந்து ஏறத்தக்க தாழ்வான கட்டில் உண்டா? வன்கொடுமைக்கு ஆளான செவிப்புலனற்ற பெண்ணின் வாக்குமூலத்தைப் பெறச் சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா? அரசுப் பணியில் சட்டம் தந்த 4 விழுக்காட்டு இடங்கள் நிரப்பப்படுமா? பேருந்தின் படி தாழுமா? அதே வேளையில், அவளுக்கு வேண்டியது இவை மட்டுமே என்று நாம் வரையறுத்துவிடலாகாது. காவிரி நீரும் விலைவாசியும் மொழிக்கொள்கையும் அவளுக்கும் உரியவை.

இரண்டாவது, ஒவ்வொரு வினாவுக்கும் கட்சிகள் யாவற்றின் விடையும் அவற்றின் சொந்த வினைமுற்று மாறாமல் எடுத்துரைக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஒரு கட்சியின் அறிக்கை ஒரு பொருள் பற்றிப் பேசவில்லையெனில், ‘பேசவில்லை’ என்றே சொல்ல வேண்டும். வேறு மேடையில் கேட்டதைக் கொண்டு நிரப்பலாகாது. நான்காவது, கட்சிகளின் வரிசை வினாதோறும் மாறி வர வேண்டும். முதலில் கேட்பதும் இறுதியில் கேட்பதும் நினைவில் நிற்கும் இயல்புடையன. ஐந்தாவது, குரல் ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். கவியரங்கில் ஏற்ற இறக்கத்தால் அவையைக் கட்டும் நம் குரலுக்கு இது கடினமான பயிற்சியே. ஆறாவது, படித்து முடித்த பின் ‘யாருக்குப் போடப்போகிறாய்?’ என்று கேட்கலாகாது. வாக்கின் மறைவு சாவடியில் தொடங்குவதன்று. அவ்வினா கேட்கப்படாத இல்லத்தில் தொடங்குகிறது.

கல்லூரித் தேர்வுக்கூடத்தில் பார்வையற்ற மாணவியர்க்காக விடை எழுதித் தரும் எழுத்தரை நாம் அறிவோம். மாணவி சொன்ன சொல்லை அவ்வாறே எழுதுபவரே நல்ல எழுத்தர். பிழையைத் திருத்துபவரும், அழகூட்டுபவரும் அன்பினாலேயே செய்யினும் அத்தேர்வைத் தம்முடையதாக்கிக்கொள்கின்றனர். தேர்தல் அறிக்கையைப் படித்துக் காட்டும் அன்பரும் இந்த எல்லையில்தான் நிற்கிறார். பல வீடுகளில் இப்பெண்களின் உரிமையை மறைப்பது பகைமை அன்று, அன்பே. ‘அவளுக்கேன் இந்தத் தொல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற அன்பு அது.

நம் பங்கு

சொல்லைப் பற்றிய பொறுப்பு நம் வட்டத்தாருக்குச் சிறப்பாக உரியது. 2010இல் தமிழக அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லை ஆட்சிமொழியில் நிறுவியது. 2023 டிசம்பரில் தேர்தல் ஆணையம், உடற்குறையை இழிவுபடுத்தும் சொற்களைப் பரப்புரையில் தவிர்க்குமாறு கட்சிகளை அறிவுறுத்தியது. மேடையில் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று ஒருவர் முழங்கும்போது, அவையின் கடைசி வரிசையில் சைகை வழியே பேச்சைப் பின்தொடரும் ஒருத்தி இருக்கக்கூடும் என்பதை அம்முழக்கம் மறந்துவிடுகிறது. நம் கவிதைகளிலும் குருட்டு நீதி, ஊமைக் கண்ணீர், நொண்டிச் சாக்கு என்பன எளிதாக வந்து விழுகின்றன. இவற்றை எழுதுமுன் ஒருகணம் நிற்பது கவிதைக்கு இழப்பாகாது. பழகிய உருவகத்தை விடுத்துப் புதியதொன்றைத் தேடத் தூண்டும்.

2025இல் தமிழகச் சட்டப்பேரவை உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. வாக்களிப்போராக மட்டுமின்றி, முடிவெடுப்போராகவும் அவர்கள் அவைகளில் அமர வழி பிறந்துள்ளது. தம் ஊரின் அவையில் பேசப்போகும் பெண், அதற்கு முன் தன் வாக்கைத் தானே ஆராய்ந்து அளித்தவளாக இருத்தல் வேண்டாமா?

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. ஏட்டைப் படிக்க இயலாதவர்க்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது எனலாம். ‘கேள்வி’ என்ற சொல் செவியால் கேட்பதையும் வினவுவதையும் ஒருங்கே குறிக்கும் தமிழ்ச்சொல். இதுவரை மாற்றுத்திறன் மகளிர்க்கு நாம் அளித்தது முதற்பொருள் மட்டுமே. நாம் சொன்னோம், அவர்கள் கேட்டனர். இரண்டாம் பொருளும் அவர்களுக்கு உரியதாகும்போதே அவர்தம் வாக்கு முழுமை பெறும்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் நன்கு படிக்கத் தெரிந்த குரல்கள் பல உள்ளன. நல்ல தமிழை எளிய தமிழாக்க வல்ல கைகளும் உள்ளன. வரும் தேர்தல்கள் ஒவ்வொன்றின் போதும், அறிக்கைகள் வெளிவந்த நாள்தொட்டு அவற்றை வினாவாரியாகப் பகுத்து, எளிய தமிழில் எழுதி, ஒலிப்பதிவு செய்து வழங்குவது நம்மால் இயலும். ஒருவர் எழுதியதை மாற்றுக் கருத்துடைய மற்றொருவர் சரிபார்த்த பின்னரே வெளியிட வேண்டும்; உத்திரமேரூர் நம்பிமார் ஓலையை மீண்டும் வாசித்தது அதற்காகவே. சைகை மொழி அறிந்தோரையும், பிரெயில் வல்லுநரையும், எல்லாவற்றிற்கும் மேலாக மாற்றுத்திறன் மகளிரையும் அப்பணியில் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும். எந்த வரி விளங்கவில்லை என்று சொல்லும் உரிமை அவர்களுடையது. விளங்கும்வரை எழுதுவது நம் கடமை.